வயிற்று ரத்தக்குழாய்களும் 'நார்மல் வேரியன்ட்' என்ற ஒரு வரியும்

பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட். கல் எத்தனை மி.மீ., பித்தநாளம் வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசிக்கு முந்தைய வரியில் இப்படி ஒன்று இருக்கும்: "இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்புறமாகச் செல்கிறது, நார்மல் வேரியன்ட்." கல் புரிகிறது, இந்த வரி புரிவதில்லை. நார்மல் என்றால் எதற்கு எழுதினார்கள்? வேரியன்ட் என்றால் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. ரத்தம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. போகும் வழி மட்டும் பாடப்புத்தகப் படத்தில் உள்ள வழி இல்லை. பிறக்கும்போதே அமைந்தது, ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிடலாம். அந்த வரியை ரேடியாலஜிஸ்ட் எழுதுவது, பின்னொரு நாள் அந்த இடத்தில் கத்தியோ ஊசியோ வைக்கப்போகிறவருக்காக. வயிற்றுக்குள் எதிர்பாராத இடத்தில் ஒரு ரத்தக்குழாய் இருப்பது ஆபத்தில்லை. அது அங்கே இருப்பது தெரியாமல் வெட்டுவதுதான் ஆபத்து.

முதலில் வழக்கமான அமைப்பு

உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் நுழையும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டிச் சற்று இடப்புறமாக இறங்கி, நான்காவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. வழியில் முன்பக்கமாக மூன்று முக்கியக் கிளைகளை விடுகிறது. உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே சிலியாக் தண்டு. இது இரைப்பைக்கு ஒன்று, மண்ணீரலுக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரியும். அதற்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே எஸ்எம்ஏ எனப்படும் மேல் குடல் தமனி, சிறுகுடலின் பெரும்பகுதியும், பெருங்குடலின் பாதியும் இதன் பொறுப்பு. மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் ஐஎம்ஏ எனப்படும் கீழ்க் குடல் தமனி, மீதிப் பெருங்குடலுக்கு. பக்கவாட்டில், எஸ்எம்ஏவுக்குச் சற்றுக் கீழே, சிறுநீரகத் தமனிகள் பக்கத்துக்கு ஒன்றாகக் கிளம்பும்.

திரும்பி வரும் ரத்தத்துக்கு இரண்டு பாதைகள். கால், இடுப்பு, சிறுநீரகங்களின் ரத்தம் கீழ்ப் பெருஞ்சிரை வழியாக இதயத்துக்கு ஏறுகிறது. ரிப்போர்ட்டில் இதை ஐவிசி என்பார்கள். இது முதுகெலும்பின் வலப்புறம் ஒரே குழாயாக நிற்கும். குடலின் ரத்தமோ நேராக இதயத்துக்குப் போகாமல் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய்விட்டு வரும். ஐவிசி வலப்புறம் இருப்பதால் இடது சிறுநீரகத்தின் சிரை நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். அது பெருந்தமனிக்கு முன்னால், எஸ்எம்ஏவுக்கு அடியில் நுழைந்து தாண்டுகிறது.

படத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிடி குறுக்குவெட்டுப் படங்கள், படுத்திருப்பவரின் காலடியில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பது போல அடுக்கப்பட்டவை. திரையின் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம். கல்லீரல் திரையின் இடப்பக்கமும் மண்ணீரல் வலப்பக்கமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. உறுப்புகளே இடம் மாறியவரிடம் ரத்தக்குழாய் மாறுபாடு தனியாக வராது, கூட்டமாக வரும்.

மாறுபாடு எங்கிருந்து வருகிறது

கருவில் ரத்தக்குழாய்கள் இன்று நாம் பார்க்கும் வடிவில் முளைப்பதில்லை. தேவைக்கு மேல் நிறைய முளைத்து, ஒன்றோடொன்று இணைந்து, பிறகு வேண்டாதவை சுருங்கி மறைந்து, மிஞ்சியதுதான் இறுதி வடிவம். மறைய வேண்டியது மறையாமல் நின்றுவிட்டாலோ, நிற்க வேண்டியது மறைந்துவிட்டாலோ அதுவே மாறுபாடு.

குடலுக்குப் போகும் தமனிகளை எடுத்துக்கொள்வோம். கருவின் பெருந்தமனியிலிருந்து முன்பக்கமாக வரிசையாகச் சிறு தமனிகள் கிளம்புகின்றன. ஏணியின் படிகளை நெடுங்கம்பு இணைப்பது போல, இவற்றை நீளவாக்கில் ஒரு குழாய் இணைக்கிறது. ஜூலியஸ் டாண்ட்லர் 1904இல் இதை விளக்கினார். மேல் படிகள் சேர்ந்து சிலியாக் தண்டாகின்றன, கீழ்ப்படி எஸ்எம்ஏ ஆகிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள நெடுங்கம்பு மறைகிறது. அது வேறொரு இடத்தில் அறுந்தால், சிலியாக்கில் சேர வேண்டிய கல்லீரல் தமனி எஸ்எம்ஏவோடு போய்விடும். எங்குமே அறுபடாவிட்டால் சிலியாக்கும் எஸ்எம்ஏவும் ஒரே தண்டாகக் கிளம்பும். இது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான்.

சிறுநீரகத்தின் கதை வேறு. அது உருவாவது இடுப்புக் குழியில். ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் மேலே ஏறி விலா எலும்புக்கு அடியில் வந்து அமர்கிறது. ஏறும்போது வழியில் கிடைக்கும் தமனியைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்தது கிடைத்ததும் பழையதை விட்டுவிடுகிறது. விடாமல் வைத்துக்கொண்டவைதான் கூடுதல் சிறுநீரகத் தமனிகள். பாதி வழியிலேயே நின்றுபோன சிறுநீரகங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இரண்டு சிறுநீரகங்களும் கீழ்ப்புறம் ஒட்டிப் பிறக்கும் குதிரைலாட அமைப்பு, ஏறும் வழியில் ஐஎம்ஏவில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு ரத்தம் தரும் தமனிகள் எத்தனை, எங்கிருந்து வருகின்றன என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஐவிசி இன்னும் சிக்கல். மூன்று ஜோடிச் சிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, துண்டு துண்டாக ஒட்டி, கடைசியில் வலப்புறம் மட்டும் ஒரே குழாயாக நிலைக்கிறது. இவ்வளவு ஒட்டுவேலையில் ஒன்றிரண்டு இடத்தில் வேறு மாதிரி நிகழ்வதில் வியப்பில்லை.

கல்லீரல் தமனி: கவனிக்க வேண்டிய முதல் இடம்

வயிற்றில் அதிகம் மாறுபடும் தமனிகளில் ஒன்று இது, அறுவை சிகிச்சையில் அதிகம் கவனிக்கப்படுவதும் இதுதான். வழக்கப்படி சிலியாக்கிலிருந்து பொதுக் கல்லீரல் தமனி கிளம்பி, முன்சிறுகுடலுக்கும் கணையத்துக்கும் ஒரு கிளையை விட்டுவிட்டு, மேலே போய் வலது, இடது என்று பிரியும். நிக்கோலஸ் மிக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து 1966இல் இதன் அமைப்புகளைப் பத்து வகையாகப் பிரித்தார். பாடப்புத்தக வகை இருந்தது 55 சதவீதத்தில்தான். 1994இல் ஹையாட் குழுவினர் 1000 கல்லீரல் தானங்களில் பார்த்தபோது அது ஏறத்தாழ 76 சதவீதம். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்காவது கல்லீரல் தமனி புத்தகப்படி இல்லை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'ரீப்ளேஸ்டு' என்றால் வழக்கமான தமனி இல்லை, அதன் இடத்தில் வேறு எங்கிருந்தோ வந்த தமனி முழு வேலையையும் பார்க்கிறது. 'அக்ஸெசரி' என்றால் வழக்கமானதும் இருக்கிறது, கூடவே இன்னொன்றும் உதவிக்கு வந்திருக்கிறது. முதலாவதைக் கட்டினால் கல்லீரலின் அந்தப் பாதிக்கான தமனி ரத்தம் நின்றுவிடும். இரண்டாவதையும் 'கூடுதல்தானே' என்று அலட்சியமாகக் கட்டிவிட முடியாது. கல்லீரலுக்குள் அது ஏதாவது ஒரு பகுதிக்குத் தனித் தமனியாக இருக்கலாம்.

அதிகம் காண்பது இரண்டு. வலது கல்லீரல் தமனி எஸ்எம்ஏவிலிருந்து வருவது, இடது கல்லீரல் தமனி இரைப்பையின் இடது தமனியிலிருந்து வருவது. இரண்டுமே சுமார் பத்துப் பேரில் ஒருவரிடம் பார்க்கக்கூடியவை.

வலதை ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பிடிப்பது எப்படி என்று பார்ப்போம். எஸ்எம்ஏ கிளம்பும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். அதன் முதல் மூன்று செ.மீ. நீளத்தில் வலப்புறமாக, அதாவது திரையில் இடப்பக்கமாக, ஒரு கிளை பிரிகிறதா? பிரிந்தால் அதை விடாமல் மேல்நோக்கித் தொடருங்கள். கணையத் தலைக்குப் பின்னால் போய், போர்ட்டல் சிரைக்கும் ஐவிசிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பிரகாசமான ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். வழக்கமான கல்லீரல் தமனி போர்ட்டல் சிரைக்கு முன்னால் இருக்கும், இது பின்னால். அந்த இடுக்கில், கான்ட்ராஸ்ட் மருந்து தமனிகளில் ஏறியிருக்கும் கட்டத்தில், ஒளிரும் புள்ளி ஒன்று ஸ்லைஸ்தோறும் தொடர்ந்தால், முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

ஏன் இவ்வளவு கவனம்? கணையத் தலைப் புற்றுக்குச் செய்யும் விப்பிள் அறுவையில் வெட்டி எடுக்கும் பகுதியை ஒட்டியே இந்தத் தமனி போகிறது. புற்று அதைச் சுற்றியிருக்கவும் கூடும். கல்லீரலுக்குப் பெரும்பகுதி ரத்தம் போர்ட்டல் சிரை தருவதால் தமனி போனாலும் கல்லீரல் பல நேரம் சமாளித்துவிடும். பித்தநாளம் அப்படியில்லை, அது தமனி ரத்தத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. தமனி அறுபட்டால் குடலோடு புதிதாகத் தைத்த பித்தநாளம் ஆறாமல் கசியலாம், கல்லீரலில் சீழ்க்கட்டி வரலாம்.

இடது தமனியின் பாதை இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய சவ்வு. சிடியில் கல்லீரலின் இடது பாகத்தை வெட்டிச் செல்லும் பிளவில் ஒரு தமனி ஓடுவது தெரியும். இரைப்பைப் புற்றுக்காக இரைப்பையின் இடது தமனியை அதன் அடிவேரில் கட்டுவது வழக்கம். அங்கிருந்துதான் கல்லீரலின் இடது பாகமும் ரத்தம் பெறுகிறது என்றால் அந்தக் கட்டு அதையும் சேர்த்து நிறுத்திவிடும்.

கல்லீரல் கட்டிக்கு கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் சிகிச்சையிலும் இதே கணக்குதான். சிலியாக் வழியாகப் போய்த் தேடினால் கட்டிக்கு ரத்தம் தரும் குழாய் தென்படவே தென்படாது, ஏனெனில் அது எஸ்எம்ஏவிலிருந்து வந்திருக்கும். முன்கூட்டியே சிடியில் பார்த்திருந்தால் கதீட்டர் நேராக அங்கே போயிருக்கும்.

பித்தப்பை அறுவையில் வேறொரு தொல்லை. சிலரிடம் வலது கல்லீரல் தமனி கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்குவது போல வளைந்து பித்தப்பையின் கழுத்துவரை வந்து தொட்டுவிட்டுத் திரும்பும். பித்தப்பைக்கான தமனி அந்த வளைவிலிருந்து மிகக் குட்டையாகக் கிளம்பும். அங்கே பருத்த குழாய் ஒன்றைப் பார்த்து 'பித்தப்பைத் தமனிதான்' என்று கிளிப் போட்டால் மாட்டுவது கல்லீரல் தமனி.

சிறுநீரகத் தமனிகள்

நூறு பேரில் இருபத்தைந்து முதல் முப்பது பேருக்கு ஒரு பக்கத்திலாவது சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் உண்டு. சில, சிறுநீரகத்தின் நடுவாசல் வழியாக உள்ளே போகும். சில, நேராக மேல்முனையையோ கீழ்முனையையோ துளைத்துக்கொண்டு போகும். இரண்டாவது வகையைப் போலார் தமனி என்பார்கள்.

இதில் உடம்பின் கறாரான விதி ஒன்று: சிறுநீரகத்துக்குள் தமனிக் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதில்லை. ஒன்றை அடைத்தால் பக்கத்துக் கிளை வந்து உதவாது. அது ஊட்டிய பகுதி ஆப்பு வடிவில் செத்துப்போகும். 2 மி.மீ. தமனியாக இருந்தாலும் இதுதான் நிலை. பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் என்ற துணி போர்த்திய குழாயை வைக்கும்போது, வீங்கிய பகுதியிலிருந்தே ஒரு கூடுதல் தமனி கிளம்புகிறதா என்று பார்ப்பது இதனால்தான். கிளம்பினால் கிராஃப்ட்டின் துணி அதன் வாயை மூடிவிடும்.

கீழ்முனைத் தமனி இன்னொரு விதத்திலும் தொந்தரவு தரலாம். சிறுநீரகப் பையும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தின் குறுக்கே அது போகும்போது அந்தச் சந்திப்பை மடக்கி அழுத்த, சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். இங்கே மாறுபாடே நோய்க்குக் காரணமாகிறது. அடைப்பைச் சரிசெய்ய உள்ளிருந்து சந்திப்பைக் கீறும் முறையைத் தேர்ந்தெடுத்தால், கத்தி படும் இடத்தில் அந்தத் தமனி இருக்கிறதா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரகம் தானம் தருபவரின் சிடியில் எண்ணிக்கையோடு தூரமும் அளக்கப்படும். பிரதான தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பி ஒன்றரை அல்லது இரண்டு செ.மீ.க்குள்ளேயே பிரிந்துவிட்டால், எடுத்து வைக்கும்போது இரண்டு தனித் தமனிகளாகவே கையில் வரும். தைக்க வேண்டிய இணைப்புகள் கூடும், சிறுநீரகம் ரத்தமில்லாமல் காத்திருக்கும் நேரமும் கூடும். வலப்பக்கத் தமனி ஐவிசிக்குப் பின்னால் மறைந்து வருவதால், அங்கே பெருந்தமனியிலிருந்து அளக்காமல் ஐவிசியின் வெளி விளிம்பிலிருந்து அளப்பது பயனுள்ளது. அறுவையில் கைக்கு எட்டும் நீளம் அதுதான்.

கூடுதல் தமனி தவறிப்போவதற்கு எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சிறுநீரகம் முடிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவது. கீழ்முனைக்குப் போகும் தமனி ஐஎம்ஏவுக்குக் கீழே, பெருந்தமனி பிரியும் இடத்தில், ஏன் இடுப்புத் தமனியிலிருந்துகூடக் கிளம்பலாம். ஆகவே பெருந்தமனியின் இரு ஓரங்களையும் பிரியும் இடத்துக்குக் கீழேவரை பார்த்துவிட்டுத்தான் 'பக்கத்துக்கு ஒரு தமனி' என்று எழுத வேண்டும்.

சிரைகள்: கட்டியென்று ஏமாற்றுபவை

முதலில் பார்த்த ரிப்போர்ட்டின் வரிக்கு வருவோம். இடது சிறுநீரகச் சிரை சுமார் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குப் பெருந்தமனிக்குப் பின்னால் போகிறது. வேறு சிலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெருந்தமனியைச் சுற்றி வளையமாக இருக்கும். வளைய வகைதான் அறுவையில் அதிகம் ஏமாற்றும். முன்கிளை வழக்கமான இடத்தில் இருப்பதால் 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று தோன்றும். பின்கிளையோ ஒன்றிரண்டு முள்ளெலும்பு தள்ளிக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். பெருந்தமனியைச் சுற்றி விரலையோ கருவியையோ விட்டுப் பிரிக்கும்போது அது கிழிந்தால், ரத்தம் கொட்டுவது தெரியும், எங்கிருந்து என்று தெரியாது.

ஐவிசி சிலருக்கு இடப்புறம் இருக்கும், சிலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். இரண்டுமே அரிது, இரட்டை ஐவிசி நூற்றில் மூன்று பேருக்கு மேல் போகாது, இடது ஐவிசி அதைவிடக் குறைவு. பெரும்பாலும் இடப்பக்கக் குழாய் இடது சிறுநீரகச் சிரைவரை ஏறி, அதோடு சேர்ந்து பெருந்தமனியின் முன்னால் வலப்பக்கம் தாண்டிவிடும். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க ஐவிசியில் வலைவடிகட்டி வைப்பதுண்டு. இரட்டை ஐவிசி இருப்பவருக்கு வலப்பக்கம் மட்டும் வடிகட்டி வைத்தால், இடது காலின் கட்டி தடையில்லாமல் மேலே போய்விடும்.

மருந்து செலுத்தாமல் எடுக்கும் சிடியில், உதாரணமாகச் சிறுநீரகக் கல்லுக்கான ஸ்கேனில், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். பெருந்தமனியின் இடப்புறத்தில், ஐஎம்ஏ மட்டத்தில், சாம்பல் நிறத்தில் ஒன்றரை செ.மீ. அகல வட்டம் ஒன்று. கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாததால் ரத்தமும் நெறிக்கட்டியும் ஒரே சாம்பல்தான். ஒரே ஒரு ஸ்லைஸைப் பார்த்து 'பெருந்தமனி ஓரத்தில் பெரிதான நெறிக்கட்டி' என்று எழுதிவிட்டால், அதன் பின்னால் புற்று பயமும் பயாப்ஸி யோசனையும் வந்துவிடும்.

சுட்டியை உருட்டினால் போதும். மேலே ஐந்து ஸ்லைஸ், வட்டம் அப்படியே இருக்கிறது. இன்னும் பத்து, இருக்கிறது. நெறிக்கட்டியாக இருந்தால் இந்நேரம் சிறுத்து முடிந்திருக்கும். இன்னும் மேலே போனால் அது இடது சிறுநீரகச் சிரையில் கலக்கிறது. இப்போது கீழ்நோக்கி உருட்டுங்கள். இடது இடுப்புச் சிரையோடு சேர்ந்தால் அது இடது ஐவிசி அல்லது இரட்டை ஐவிசியின் ஒரு பாதி. சேராமல் சாய்ந்து ஆணுக்குத் தொடைமடிப்பை நோக்கியோ பெண்ணுக்குச் சினைப்பையை நோக்கியோ போனால், அது வீங்கிய விந்தக அல்லது சினைப்பைச் சிரை. மேல் நுனி இரண்டுக்கும் ஒன்று; வேறுபடுத்துவது கீழ் நுனிதான். ஒல்லியானவர்களிடம் இது கடினம். குழாய்களைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால்தான் ஓரம் தெரியும். கொழுப்பே இல்லாத வயிற்றில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சாம்பலாகிவிடும்.

இன்னொரு அமைப்பில் ஐவிசியின் நடுத்துண்டு உருவாகாமல், கீழிருந்து வரும் ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய அசைகாஸ் சிரை வழியாக நெஞ்சுக்கு ஏறும். கல்லீரல் சிரைகள் தனியாக இதயத்தில் சேரும். பருத்துப்போன அசைகாஸின் வளைவு நெஞ்சு எக்ஸ்ரேயில் மூச்சுக்குழலுக்கு வலப்புறம் கட்டி போலத் தெரியும். உணவுக்குழாய் அறுவையில் அசைகாஸைக் கட்டி வெட்டுவது சாதாரணமாக நடப்பது. இவர்களுக்கு அதைச் செய்தால் உடலின் கீழ்ப்பாதி ரத்தம் திரும்பும் முக்கிய வழியையே அடைத்ததாகிவிடும். இவ்வமைப்பைக் கண்டால் மண்ணீரல் ஒன்றா பலவா, இதயத்தில் ஏதாவது குறை உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வலது சிறுநீர்க்குழாய் ஐவிசிக்குப் பின்னால் சுற்றி வருவதும் உண்டு. பெயரளவில் சிறுநீர்க்குழாய்க் கோளாறு போலத் தோன்றினாலும் இடம் மாறி உருவானது ஐவிசிதான். படத்தில் சிறுநீர்க்குழாய் தூண்டில் முள் போல வளையும்.

போர்ட்டல் சிரையைப் பற்றிச் சுருக்கமாக: வழக்கமாக வலது, இடது என இரண்டாகப் பிரிவது, சிலரிடம் ஒரே இடத்தில் மூன்றாகப் பிரியும், அல்லது வலது பின்கிளை முன்னதாகவே கிளம்பிவிடும். கல்லீரலில் ஒரு பாகத்தை வெட்டுபவருக்கும் தானம் பெறுபவருக்கும் இது முக்கியம், மற்றவர்களுக்கு இல்லை.

நோயா, மாறுபாடா என்று குழப்புபவை

சிலியாக் தண்டின் மேல், உதரவிதானத்தின் நார்ப்பட்டை ஒன்று வளைவாகப் போகிறது. சிலரிடம் அது சற்றுத் தாழ்ந்து தண்டை மேலிருந்து அழுத்தும். குறுக்குவெட்டில் இது தெரியாமலே போகலாம். பக்கவாட்டு வெட்டில் சிலியாக்கின் ஆரம்பம் கொக்கி போல வளைந்து குறுகியிருக்கும். மூச்சை வெளியே விட்ட நிலையில் அழுத்தம் அதிகரிக்கும், இழுத்துப் பிடித்தால் குறையும். ஆகவே ஸ்கேன் எந்த மூச்சில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் 'அடைப்பு' என்று சொல்லிவிடக் கூடாது. கொழுப்புப் படிவால் வரும் குறுகலுக்கு இந்தக் கொக்கி வடிவம் இருக்காது, சுவரில் சுண்ணாம்பு இருக்கும். இந்தக் கொக்கி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்று வலியே கிடையாது. படம் மட்டும் வைத்து வலிக்குக் காரணம் இதுதான் என்று அறுவைக்கு ஓடுவது அவசரம்.

ஆனால் இதே கொக்கி விப்பிள் அறுவைக்கு முன் பெரிய விஷயம். சிலியாக் குறுகியிருக்கும்போது எஸ்எம்ஏவிலிருந்து கணையத் தலையைச் சுற்றி வரும் குழாய்கள் பருத்து, கல்லீரலுக்கு ரத்தத்தைத் தலைகீழ்த் திசையில் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வழியில் உள்ள காஸ்ட்ரோடியோடினல் தமனியை (பொதுக் கல்லீரல் தமனி முன்சிறுகுடலுக்கும் கணையத்துக்கும் விடும் கிளை) விப்பிளில் வெட்டியே ஆக வேண்டும். வெட்டுவதற்கு முன் தற்காலிகமாக அழுத்திப் பிடித்து, கல்லீரல் தமனியில் துடிப்பு நிற்கிறதா என்று பார்ப்பது அறுவையாளர்கள் செய்யும் சோதனை.

எஸ்எம்ஏ பெருந்தமனியோடு ஏற்படுத்தும் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும். 38 முதல் 65 பாகை வரை வழக்கமானது என்பார்கள். இது மிகவும் குறுகினால் நடுவே போகும் முன்சிறுகுடலோ இடது சிறுநீரகச் சிரையோ நசுங்கலாம். குறுகிய கோணம் மட்டும் நோயல்ல. வாந்தியோ சிறுநீரில் ரத்தமோ போன்ற அறிகுறியும், நசுங்கிய இடத்துக்கு முன்னால் வீக்கமும் சேர்ந்தால்தான் நோய்.

குடல் சிரையும் எஸ்எம்ஏவும் பக்கம் மாறி நிற்பதும் கவனிக்க வேண்டியது. வழக்கமாகச் சிரை எஸ்எம்ஏவின் வலப்பக்கம் இருக்கும். அது இடப்பக்கம் இருந்தால், கருவில் குடல் சரியாகச் சுழலாமல் போயிருக்கலாம் என்ற சந்தேகம் எழ வேண்டும். அடுத்த வேலை, முன்சிறுகுடல் நடுக்கோட்டைத் தாண்டி இடப்புறம் போகிறதா என்று பார்ப்பது.

ஸ்கேன் எப்படி எடுத்தால் தெரியும்

5 மி.மீ. தடிமன் ஸ்லைஸில் 2 மி.மீ. தமனியைத் தேடுவது வீண். ரத்தக்குழாய்களுக்காகவே எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமில் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனில் படம் உருவாக்குவார்கள். முழங்கை மடிப்புச் சிரையில் 18 அல்லது 20 கேஜ் கேனுலா. மில்லிலிட்டருக்கு 350 மி.கி. அளவில் அயோடின் உள்ள மருந்து 80 முதல் 100 மி.லி., விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில்; பின்னாலேயே 30 முதல் 40 மி.லி. சலைன். புறங்கையில் இதைவிட மெல்லிய 22 கேஜ் ஊசி போட்டு இந்த வேகத்தைக் கேட்டால் மருந்து தோலுக்கடியில் கசியும், அல்லது வேகம் குறைக்கப்பட்டுத் தமனிகள் மங்கலாக வரும்.

நேரம் பிசகினால் எல்லாம் பிசகும். இதயத்தின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால் கடிகாரத்தை நம்பாமல், பெருந்தமனியில் ஒரு வட்டம் வைத்து, அங்கே மருந்தின் ஒளிர்வு 100 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகைத் தாண்டியதும் இயந்திரமே ஸ்கேனைத் தொடங்கும்படி அமைக்கிறார்கள். சிரைகளுக்கு மருந்து ஏறிய 70 விநாடி வாக்கில் இன்னொரு சுற்று. அந்த நேரத்தில் ஐவிசியில் ஒரு பொய்த் தோற்றம் வரும்: சிறுநீரகத்திலிருந்து வரும் ரத்தத்தில் மருந்து இருக்கும், கால்களிலிருந்து வருவதில் இன்னும் வந்திருக்காது. இரண்டும் கலக்கும் இடத்தில் ஐவிசிக்குள் ரத்தம் உறைந்தது போல இருட்டுத் திட்டு தெரியும். சந்தேகம் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு அந்த இடத்தை மறுபடி பார்த்தால், பொய் என்றால் கலைந்திருக்கும்.

ஆஞ்சியோகிராமுக்கு முன் குடிக்கக் கொடுப்பது தண்ணீராக இருக்கட்டும். வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடிக்கக் கொடுத்தால், குடலின் வெண்மை தமனிகளின் வெண்மையை மறைத்துவிடும்.

வண்ண முப்பரிமாணப் படங்கள் பார்க்க அழகாக இருக்கும். நோயாளிக்கும் அறுவையாளருக்கும் காட்ட அவை நல்லது. ஆனால் எலும்பை நீக்கும்போது அதோடு ஒட்டிய சிறு தமனியையும் கணினி நீக்கிவிடும். கூடுதல் தமனியை அங்கே தேடாமல், குறுக்குவெட்டிலேயே தேடிப் பிடித்துவிட்டு, பிறகு முப்பரிமாணத்தில் காட்டுவதே சரியான வரிசை.

சிடி வேண்டாத நிலை உண்டு. கர்ப்பம், கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டிய குழந்தைகள், அயோடின் மருந்துக்கு முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் ஆகியோருக்கு டாப்ளர் அல்ட்ராசவுண்டோ எம்ஆர் ஆஞ்சியோகிராமோ பொருத்தமாக இருக்கலாம். அல்ட்ராசவுண்டில் ரத்தம் பாயும் திசையும் வேகமும் தெரியும். குடல் காற்று மறைத்தால் மெல்லிய கூடுதல் தமனி தப்பிவிடும்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு

வேரியன்ட் என்று எழுதியிருப்பதற்காக மருந்து வேண்டாம். அதற்காகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம். குழாய் நாளாக ஆக வழி மாற்றிக்கொள்வதில்லை. குடும்பத்தில் மற்றவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. ரிப்போர்ட்டையும் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் பத்திரமாக வையுங்கள். அறுவையாளருக்கு ரிப்போர்ட்டின் வரியைவிடப் படங்கள் அதிகம் உதவும்.

பெருந்தமனிக்குப் பின்னால் போகும் அந்த இடது சிறுநீரகச் சிரையால் பித்தப்பை அறுவைக்கு ஒரு பாதிப்பும் இல்லை. அது அறுவை நடக்கும் இடத்திலேயே இல்லை, பித்தப்பை வலப்புறம் மேலே இருக்கிறது. அதே ஆள் பின்னால் இடது சிறுநீரகத்தைத் தானம் தர முன்வந்தாலோ, பெருந்தமனி வீக்கத்துக்கோ, வயிற்றின் முன்பக்க வழியாக முதுகெலும்புக்கோ அறுவை செய்ய வேண்டி வந்தாலோ, டாக்டரிடம் முதலில் எடுத்து நீட்ட வேண்டியது பழைய ரிப்போர்ட்டின் அந்தக் கடைசிக்கு முந்தைய வரியைத்தான்.